முப்பது நொடிக்குள் குரலும் இசையும்

நுழையும்முன்

கண்ணுக்கு எதையும் காட்டாமல், காதின் வழியாக மட்டுமே கருத்தைக் கொண்டு சேர்ப்பது வானொலி. அதில் ஒலிக்கும் விளம்பரத்திற்குக் கிடைப்பவை சில நொடிகளே. அந்தச் சில நொடிகளைப் பேசும் குரலும் செவ்வியல் இசையும் பகிர்ந்துகொள்ளும்போது எழும் சிக்கல்கள் பல. தமிழ்த் தொடரின் அமைப்பு அச்சிக்கல்களுள் ஒன்றைப் பெரிதாக்குகிறது. பொதுநல விளம்பரம் ஒன்றை உருவாக்கும் வழியில் இவற்றை விளக்குகிறது இப்பாடம்.

பத்து நிமிடத்திலிருந்து முப்பது நொடிக்கு

1922ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், நியூயார்க் நகர வானொலி நிலையம் ஒன்றில் அடுக்குமாடிக் குடியிருப்புகளை விற்பதற்காக ஒருவர் பத்து நிமிடம் உரையாற்றினார். கட்டணம் பெற்று ஒலிபரப்பப்பட்ட முதல் வானொலி விளம்பரமாக வரலாற்றாசிரியர் பலரும் அதனையே குறிப்பிடுகின்றனர். அதில் இசை இல்லை. ஒரு சொற்பொழிவுதான் இருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1926இல், மின்னியாபொலிஸ் நகரில் ஒரு கோதுமைச் சிற்றுண்டியின் பெயரை நால்வர் சேர்ந்து பாடினர். விளம்பரத்திற்குள் பாட்டு நுழைந்த கதை அங்கிருந்து தொடங்குகிறது.

நம் பகுதியில் இக்கதை இலங்கை வழியாக வந்தது. 1950இல் இலங்கை வானொலி வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியது. 1952இல் இந்திய ஒலிபரப்புத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர் செவ்வியல் இசையில் பற்று மிக்கவர். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களின் இடத்தை அவர் சுருக்கினார். விளைவு, நேயர்கள் வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கையை நோக்கித் திருப்பினர். தமிழகத்தின் தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தகங்களிலும் இலங்கை அறிவிப்பாளர்களின் தமிழ் ஒலித்தது. பாடல்களுக்கு இடையே விளம்பரங்களும் ஒலித்தன. இழந்த நேயர்களை மீட்பதற்காக 1957 அக்டோபர் 3இல் ‘விவித் பாரதி’ தொடங்கப்பட்டது. அதில் விளம்பரங்கள் இடம்பெற்றது 1967 நவம்பர் 1 முதல்தான். செவ்வியல் இசையைக் காப்பதற்காக எடுத்த முடிவு வர்த்தக ஒலிபரப்புக்கு வழி திறந்தது விந்தையே.

இன்று வானொலி நேரம் நொடிக் கணக்கில் விற்கப்படுகிறது. பத்து நொடி, இருபது நொடி, முப்பது நொடி என்பனவே வழக்கமான அளவுகள். அளவு சுருங்கச் சுருங்க, இசையின் பங்கு மாறியது. பேச்சுக்கு அழகு சேர்ப்பதாக இருந்த இசை, பேச்சு சொல்ல வேண்டிய ஒன்றைத் தானே சொல்லிவிடுவதாக வளர்ந்தது.

இசை சொல்லும் செய்தி

அகில இந்திய வானொலி நாள்தோறும் தன் ஒலிபரப்பைத் தொடங்கும் முன் ஒலிக்கும் அடையாள இசையைப் பெரியவர்கள் பலர் இன்றும் முணுமுணுப்பர். நாட்சி ஆட்சியின் காரணமாக ஐரோப்பாவை விட்டு மும்பைக்கு வந்த வால்டர் காஃப்மன் என்னும் இசையறிஞர் 1930களில் அமைத்த இசை அது. தம்புராவின் சுருதி மேல் வயலின் எழும். சிவரஞ்சனி இராகத்தின் சாயல் தெரியும். ஒரு சொல்கூட இல்லை. ஆயினும் ‘வானொலி தொடங்கிவிட்டது, விடிந்துவிட்டது’ என்னும் செய்தியைப் பல தலைமுறைகளுக்கு அது சொல்லியிருக்கிறது.

வணிக விளம்பரத்திலும் ஒரு சான்று உண்டு. ஓசூரில் தொழிற்சாலை கொண்ட டைட்டன் கைக்கடிகார நிறுவனம், மோட்சார்ட்டின் 25ஆம் சிம்பொனியிலிருந்து ஒரு பகுதியைத் தன் விளம்பர இசையாக்கிக்கொண்டது. 1773இல், தம் பதினேழாம் வயதில், மோட்சார்ட் இயற்றிய படைப்பு அது. அவர் பெயரையே கேள்விப்படாத கோடிக்கணக்கான இந்தியர்கள் அவ்விசையைக் கேட்டவுடன் கடிகாரத்தின் பெயரைச் சொல்லிவிடுவர். ஒரு செவ்வியல் படைப்பு இவ்வாறு வணிகப் பொருளோடு ஒட்டிக்கொள்வது நல்லதா என்று கேட்டால், இசைவாணர்களிடையே இரு கருத்தும் இருக்கும். ஒட்டிக்கொள்ளும் ஆற்றல் இசைக்கு உண்டு என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அந்த ஆற்றலே சில இடங்களில் கேடாகவும் முடியும். அதை இனிக் காண்போம்.

ஒரு விளம்பரம், ஒரு செய்தி

ஒரு மேல்நிலைப் பள்ளியின் மாணவர் குழு, அருகிலுள்ள சமுதாய வானொலிக்காக முப்பது நொடி விளம்பரம் ஒன்றைத் தயாரிக்கிறது எனக் கொள்வோம். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் பாம்புக்கடி. இது சிறிய பொருள் அன்று. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். ஆண்டொன்றுக்குச் சராசரியாக 58,000 பேர். இவர்களுள் மிகப் பலர் சிற்றூர்களில் வாழ்பவர்கள். உழவர்கள், கூலித் தொழிலாளர்கள், வீட்டுத் தரையில் உறங்கும் சிறுவர்கள். வயலில் வேலை செய்துகொண்டே வானொலி கேட்பவர்களும் இவர்களே.

மருந்து இல்லாமல் இவ்வளவு பேர் இறக்கவில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் முறிவு மருந்து நம் நாட்டிலேயே செய்யப்படுகிறது. அதற்கு வேண்டிய நஞ்சைச் சேகரித்துத் தருவதில் சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1978இல் தொடங்கப்பட்ட சங்கம் அது. மருந்து இருந்தும் உயிர் போவதற்குக் காரணம் பெரும்பாலும் காலத்தாழ்வு. கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கடிவாயைக் கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, மந்திரிக்கச் செல்வது என முதல் மணித்துளிகள் வீணாகின்றன. இறுக்கமான கட்டு குருதியோட்டத்தைத் தடுத்து அந்த உறுப்பையே அழுகச் செய்வதும் உண்டு.

குழுவின் முதல் வரைவில் ஆறு செய்திகள் இருந்தன: இரவில் கைவிளக்கு எடுத்துச் செல்லுதல், கொசுவலை கட்டி உறங்குதல், வீட்டைச் சுற்றிக் குப்பையை நீக்குதல், கட்டுப் போடாமை, மருத்துவமனைக்கு விரைதல், மந்திரிப்பை நம்பாமை. ஆறும் தேவையானவையே. ஆனால் முப்பது நொடியில் ஆறு செய்திகளைச் சொன்னால் கேட்பவர் மனத்தில் ஒன்றும் தங்காது. அச்சிட்ட துண்டறிக்கையை மீண்டும் படிக்கலாம். வானொலியில் போன சொல் போனதுதான். ஆகவே ‘கடித்த பின் முதல் ஐந்து நிமிடத்தில் என்ன செய்வது’ என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஏனையவற்றை வேறு விளம்பரங்களுக்கு ஒதுக்கினர். எழுதியதை வெட்டுவதற்கு மனம் இடங்கொடுக்காது. கட்டுரை எழுதிப் பழகிய கைகளுக்கு இன்னும் கடினம்.

எத்தனை சொற்கள் கொள்ளும் என்பதையும் கணக்கிட வேண்டும். ஆங்கிலத்தில் சொற்களை எண்ணிப் பார்ப்பது வழக்கம். தமிழுக்கு அந்த எண்ணிக்கை ஏமாற்றும். ‘பாம்பு’ என்பது ஒரு சொல். ‘பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பதும் எழுத்தில் ஒரு சொல்லே. ஆனால் பின்னது ஐந்து நேரசை நீளம். எனவே சொற்களை எண்ணுவதைவிட, நொடிகாட்டும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதே சரியான அளவை. மனத்துக்குள் படித்து அளக்கக் கூடாது. மனம் நாவைவிட விரைவாக ஓடும். நிறுத்தங்களோடு தெளிவாகப் படித்தால் முப்பது நொடிக்கு நாற்பது, நாற்பத்தைந்து சொற்கள் வரை கொள்ளும். இசைக்கு இடம்விட்டால் அதிலும் பாதிதான் மிஞ்சும்.

தொடரின் கடைசியில் உயிர்

குழுவினர் எழுதிய இரண்டாம் வரைவில், ‘கடித்த இடத்தில் கட்டுப் போடாதீர்கள்’ என்றொரு தொடர் இருந்தது. இலக்கணப் பிழை இல்லை. பொருளிலும் குறை இல்லை. பேசும் மாணவியின் குரலும் நன்றாக இருந்தது. ஒவ்வொரு தொடரும் முடியும் இடத்தில் வயலின் இசை சற்று ஓங்கி, அடுத்த தொடர் தொடங்கும்போது தாழ்ந்தது. பதிவறையில் கேட்டவர்கள் பாராட்டினர். அதே பதிவை ஒரு கைப்பேசியில், ஓடும் நீரிறைப்பு இயந்திரத்தின் அருகே ஒலிக்கச் செய்து, முதியவர் ஒருவரிடம் ‘என்ன சொல்கிறார்கள்?’ என்று கேட்டால், ‘கட்டுப் போடச் சொல்கிறார்கள்’ என்று அவர் விடை கூறக்கூடும்.

இது எவ்வாறு நேர்கிறது? தமிழில் வினை தொடரின் கடைசியில் வருகிறது. எதிர்மறைப் பொருளோ அவ்வினையின் பகுதிக்கும் பின்னால் வருகிறது. ‘போடுங்கள்’, ‘போடாதீர்கள்’ என்னும் இரண்டுக்கும் ‘போடு’ என்ற தொடக்கம் பொது. வேறுபடுத்துவது இடையில் வரும் ‘ஆ’ என்னும் நெடிலும் அதனை ஒட்டிய தகரமுமே. ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஏவலின் எதிர்மறையைக் காட்டும் சொல் வினைக்கு முன்னரே வந்துவிடும். பின்னால் இசை மூடினாலும் ‘ஏதோ செய்யாதே என்கிறார்கள்’ என்பதாவது தெரியும். தமிழில் தொடரின் வாலில்தான் ‘செய்’ என்பதும் ‘செய்யாதே’ என்பதும் பிரிகின்றன.

இதனோடு வேறு இரு காரணங்கள் கூடுகின்றன. ஒன்று, செய்தியைக் கூறும் தொடரின் இறுதியில் பேசுவோரின் மூச்சும் குரலின் உயரமும் இயல்பாகவே தாழும். மற்றொன்று, இசையைக் கலப்பவர் தொடரின் இறுதியில் தோன்றும் இடைவெளியை நிரப்ப விரும்பி, அரை நொடி முன்னதாகவே இசையை உயர்த்திவிடுவார். குரல் தாழும் இடமும் இசை உயரும் இடமும் பொருள் முடிவாகும் இடமும் ஒன்றாகி விடுகின்றன. சோப்பு விளம்பரத்தில் இப்படி நேர்ந்தால் ஒரு சோப்பு விற்காமல் போகலாம். இங்கோ ஒருவர் தம் மகனின் காலைக் கயிற்றால் இறுக்குவார்.

குழுவினர் இதற்கு ஒரு மாற்றுக் கண்டனர்: ‘கட்டு வேண்டாம், கீறல் வேண்டாம், உறிஞ்சுதல் வேண்டாம்.’ எதிர்மறை தனிச்சொல்லாக நின்றது, தொடரும் குறுகியது. எனினும் ஐயம் தீரவில்லை. ‘வேண்டாம்’ என்பதற்கும் ‘வேண்டும்’ என்பதற்கும் இடையே உள்ளது ஓர் உயிரெழுத்து வேறுபாடுதான். இரைச்சலில் அது எளிதில் மயங்கும்.

மூன்றாவதாக அமைத்த வடிவம் வேறு வழியில் சென்றது: ‘கட்டினால் ஆபத்து. கீறினால் ஆபத்து. உறிஞ்சினால் ஆபத்து.’ இங்கு எதிர்மறையே இல்லை. கடைசிச் சொல் காதில் விழாமற் போனாலும் ‘கட்டினால்…’ என்பது ஏவலாக ஒலிக்காது. முதல் தொடரில் ‘ஆபத்து’ என்பதைத் தவறவிட்டவர் இரண்டாவதில் பிடித்துக்கொள்வார். ஒரே சொல் மும்முறை வருவதால் இயல்பான சந்தமும் கிடைத்தது. ‘ஆபத்து’ வடசொல்லாயிற்றே, ‘தீங்கு’ என்றோ ‘இடர்’ என்றோ எழுதலாமே என்று தமிழாசிரியர்களாகிய நமக்குத் தோன்றும். மேடையில் அவ்வாறே பேசுவோம். ஆனால் அச்சத்தில் நிற்கும் ஒருவருக்குப் பொருள் தேட நேரமில்லை. அவர் அன்றாடம் கேட்டு அறிந்த சொல் இதுதான்.

அவசர ஊர்தி எண்ணைச் சொல்வதிலும் இதே நெறி பொருந்தும். இலக்கணப்படி ‘நூற்றெட்டு’. மக்கள் நாவில் ‘நூத்தியெட்டு’. விளம்பரக் குரல் மக்கள் நாவைப் பின்பற்றுவதே முறை.

மகுடியா, தாலாட்டா?

இனி இசை. பாம்பு என்றவுடன் குழுவில் பெரும்பாலோர் நினைத்தது மகுடியையும் புன்னாகவராளி இராகத்தையும்தான். பாம்பாட்டியின் இசையாகவும் திரைப்படங்களில் பாம்பு தோன்றும் காட்சிகளின் இசையாகவும் அந்த இராகச் சாயல் நம் நினைவில் ஊறிப் போயிருக்கிறது. கேட்ட மாத்திரத்தில் ‘பாம்பு’ என்று விளங்கும். அவ்வகையில் அது மோட்சார்ட்டின் இசையும் கடிகாரமும் ஒட்டிக்கொண்டதைப் போன்றது.

சிக்கல் என்னவெனில், அந்த இசையோடு பாம்பு மட்டும் வருவதில்லை. பாம்பாட்டியும் வருகிறார், வேடிக்கையும் வருகிறது, மந்திரமும் வருகிறது. ‘மந்திரிக்கச் செல்லாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்’ என்று குரல் கூற வந்த இடத்தில், இசை கேட்பவரைப் பழைய நம்பிக்கைக்கே அழைத்துச் செல்கிறது. குரலும் இசையும் எதிரெதிராக இழுத்தால் வெல்வது பெரும்பாலும் இசையே. அது விளக்கம் இல்லாமலே மனத்துள் புகுந்துவிடும். (பாம்புக்குப் புறச்செவி கிடையாது. மகுடி முன் அது ஆடுவது மகுடியின் அசைவைப் பின்பற்றியே. ஆக, மகுடி இசை மனிதர்களுக்கென அமைந்ததுதான்.)

காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ற இசை என்னும் எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் யாழையும் பறையையும் திணைக்குரிய கருப்பொருள்களுள் வைத்தது. தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என வகுத்துப் பாடும் மரபும் உண்டு. இம்மரபை நினைவிற் கொண்டு குழுவில் ஒரு மாணவி வேறொரு வினாவை எழுப்பினார்: ‘பாம்பு எப்படிப்பட்டது என்று ஏன் காட்ட வேண்டும்? கடி நேரும் வேளை எப்படி இருக்கும் என்று காட்டலாமே?’

கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் உறங்குவோரைத் தூக்கத்திலேயே கடிக்கும். கடிவாயில் பெரிய வலியோ வீக்கமோ தோன்றாமலும் இருக்கும். ஆகவே அந்த வேளையின் இசை தாலாட்டு. தாலாட்டுக்குரிய இராகமாகக் கருநாடக இசையில் பெயர் பெற்றது நீலாம்பரி. தேவாரப் பண்ணாகிய மேகராகக்குறிஞ்சியே இன்றைய நீலாம்பரி என்பர் இசை ஆய்வாளர். வீணையில் நீலாம்பரி மெல்ல ஒலிக்கிறது. ஓர் இசைத்தொடர் முடியும் முன்பே திடீரென அறுபடுகிறது. ஒரு நொடி அமைதி. பின்னர்க் குரல். எந்த வருணனையும் இன்றி, உறக்கமும் அது கலைந்ததும் கேட்பவருக்கு விளங்கிவிடுகின்றன. அதற்காகச் செலவிட வேண்டியிருந்த எட்டு அல்லது பத்துச் சொற்கள் மிச்சமாயின.

குரல் ஒலிக்கும் பதினெட்டு நொடியிலும் இசையே வேண்டாம் என்று குழு முடிவு செய்தது. எல்லா விளம்பரத்துக்கும் இது பொருந்தாது. கைத்தறிக் கண்காட்சிக்கோ புத்தகத் திருவிழாவுக்கோ அழைப்பு விடுக்கும்போது குரலுக்கு அடியில் இசை இழையோடலாம். அப்போது இசைக்கருவியைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். வயலினும் நாகசுரமும் மனிதக் குரலின் எல்லையிலேயே இயங்குபவை. கமகங்களோடு வயலின் பேசத் தொடங்கினால் இருவர் ஒரே வேளையில் பேசுவது போல ஆகிவிடும். தம்புராவின் தொடர் ஒலியோ, வீணையின் கீழ்த்தாயியில் இடைவெளி விட்டு மீட்டும் சுரங்களோ குரலோடு போட்டியிடா. மிருதங்கத்தின் தொப்பியிலிருந்து எழும் ஆழ்ந்த ஒலியை நம்பி எதையும் அமைப்பது வீண். சிறிய வானொலிப் பெட்டியிலும் கைப்பேசியிலும் அது பெரும்பாலும் கேட்காது.

தாளக் கணக்கும் உரிமையும்

தாளத்தோடு கூடிய இசையைப் பயன்படுத்தினால் அதனை நடுவில் வெட்டுவது காதை உறுத்தும். ஆவர்த்தனம் முடியும் இடத்திலேயே விளம்பரமும் முடிய வேண்டும். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை என்ற வேகத்தில் ஓர் ஆவர்த்தனம் எட்டு நொடி. முப்பது நொடியில் மூன்று ஆவர்த்தனம் முடிந்து நான்காவது குறையாக நிற்கும். வேகத்தை நிமிடத்துக்கு 64 ஆக உயர்த்தினால் முப்பது நொடியில் 32 எண்ணிக்கை வந்து, நான்கு ஆவர்த்தனமும் சரியாக முடியும். இசைப்பவரிடம் ‘கொஞ்சம் விரைவாக’ என்று சொல்வதைவிட இந்த எண்ணைச் சொல்வது மேல். நம் விளம்பரத்தில் தாளம் இல்லாத ஆலாபனையே வருவதால் இக்கணக்கு தேவைப்படவில்லை.

உரிமை பற்றியும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, இசைப்படைப்பின் உரிமை இயற்றியவரின் வாழ்நாளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும். தியாகராசர் 1847இலும் முத்துசாமி தீட்சிதர் 1835இலும் மறைந்தமையால் அவர்தம் கீர்த்தனைகள் பொதுவுடைமை. ஆனால் அக்கீர்த்தனையை இன்றைய கலைஞர் ஒருவர் பாடி வெளியிட்ட ஒலிப்பதிவு பொதுவுடைமை அன்று. அதற்கு வெளியான ஆண்டிலிருந்து தனியே 60 ஆண்டு உரிமை உண்டு. படைப்பு பழையது என்பதால் இணையத்தில் கிடைக்கும் பதிவை எடுத்துக்கொள்வது தவறு. பள்ளியில் வீணை பயிலும் மாணவி வாசித்தால் இந்தத் தொல்லை இல்லை. தேர்ந்த வித்துவானின் நயம் அதில் இராது. ஆனால் வீட்டில் ஒரு தாய் மீட்டியது போன்ற எளிமை இருக்கும். இந்த விளம்பரத்திற்கு அதுவே பொருத்தம்.

பதிவும் கலப்பும்

வகுப்பறையின் வெற்றுச் சுவர்கள் குரலை எதிரொலிக்கும். சிறிய அறையில் கெட்டியான போர்வைகளைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்தால் எதிரொலி பெரிதும் குறையும். ஒலிவாங்கி வாயிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் தொலைவில், நேர் எதிரே அல்லாமல் சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். ‘பாம்பு’, ‘படுக்க’ போன்ற சொற்களின் பகரம் இதழ்களிலிருந்து காற்றைத் தள்ளும். நேரே வைத்தால் அக்காற்று ‘பட்’ என்று இடிக்கும். வீணையைத் தனியாகவும் குரலைத் தனியாகவும் பதிவு செய்ய வேண்டும். சேர்த்துப் பதிவு செய்துவிட்டால் பிறகு ஒன்றை மட்டும் குறைக்க இயலாது. ‘ஆடாசிட்டி’ போன்ற கட்டணமில்லா மென்பொருளில் இரண்டையும் தனித்தனித் தடங்களாக அடுக்கிக் கலக்கலாம். குரலுக்கு அடியில் இசை வரும் விளம்பரங்களில், இசையைக் குரலைவிட 15 முதல் 20 டெசிபல் வரை தாழ்த்தி வைத்தால் சொற்கள் தெளிவாகக் கேட்கும். தொடர் முழுமையாக முடிந்து, அரை நொடி கழிந்த பின்னரே இசை உயரலாம்.

படிப்பவர் குரலை நடுங்கச் செய்தோ உரத்துக் கூவியோ அச்சமூட்ட வேண்டியதில்லை. அஞ்சிய நிலையில் இருப்பவருக்குத் தேவை அமைதியான குரல். பக்கத்து வீட்டுச் செவிலியர் அக்கா பேசுவது போல இருந்தால் போதும். ‘கட்டினால்’ என்பதற்கும் ‘ஆபத்து’ என்பதற்கும் இடையே சிறு நிறுத்தம் வேண்டும். ‘ஆபத்து’ என்னும் சொல் வாக்கியத்தின் இறுதி என்பதால் தாழ்ந்துவிடாமல், தொடக்கத்துக்கு இணையான வலிமையோடு ஒலிக்க வேண்டும். பலமுறை படித்துப் பழகினால்தான் இது கைவரும்.

குழுவினர் முடிவு செய்த வடிவம் இது:

(வீணையில் நீலாம்பரி – 5 நொடி. இடையில் அறுபடுகிறது.)
(அமைதி – 1 நொடி.)
பெண் குரல்: பாம்பு கடித்துவிட்டதா? கடித்த இடத்தைக் கட்டினால் ஆபத்து. கீறினால் ஆபத்து. உறிஞ்சினால் ஆபத்து. கடிபட்டவரைப் படுக்க வையுங்கள். அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நூத்தியெட்டை அழையுங்கள். விஷமுறிவு ஊசி அரசு மருத்துவமனையில் இருக்கிறது. (18 நொடி)
(வீணை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து நிறைவு பெறுகிறது – 4 நொடி.)
பெண் குரல்: நூத்தியெட்டு. (2 நொடி)

குரலுக்குரிய சொற்கள் மொத்தம் 23. அறுபட்ட தாலாட்டு இறுதியில் விட்ட இடத்திலிருந்து தொடர்வதால், குழந்தை பிழைத்துக்கொண்டது என்பதைச் சொல்ல ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. வீணையின் கடைசிச் சுரம் அடங்கிய பின்னர் எண் தனியே ஒலிக்கிறது. அதன் மேல் இசையின் நிழல்கூட விழவில்லை.

செவியே தேர்வாளர்

விலையுயர்ந்த ஒலிபெருக்கியில் கேட்டு நிறைவு கொள்வது தேர்வு ஆகாது. விளம்பரம் சென்று சேரும் இடத்தின் இரைச்சலில், அங்குள்ள கருவியில் ஒலிக்கச் செய்து பார்க்க வேண்டும்: பேருந்து நிறுத்தத்தில், கரும்பாலைக்கு அருகில், பாத்திரங்கள் உருளும் சமையலறையில். தயாரிப்பில் பங்குகொள்ளாத, சொற்களை முன்பே அறியாத ஐவரைத் தேர்ந்தெடுக்கலாம். அவர்களுள் இருவராவது முதியவராகவும் ஒருவராவது எழுத்தறியாதவராகவும் இருப்பது நன்று. ஒருமுறை மட்டுமே ஒலிக்கச் செய்க. வானொலி இரண்டாம் முறை கேட்க வாய்ப்புத் தராது.

‘நன்றாக இருக்கிறதா?’ என்று அவர்களிடம் கேட்டால், ‘நன்றாக இருக்கிறது’ என்றே விடை வரும். பிள்ளைகளின் மனம் நோகப் பேச யாரும் விரும்புவதில்லை. கேட்க வேண்டிய வினாக்கள் வேறு: ‘இப்போது உங்கள் பேரனைப் பாம்பு கடித்தால் முதலில் என்ன செய்வீர்கள்? எந்த எண்ணை அழைப்பீர்கள்?’ கால் மணி நேரம் வேறு ஏதேனும் பேசிவிட்டு, எண்ணை மட்டும் மீண்டும் ஒருமுறை கேட்க வேண்டும். ஐவரில் ஒருவர் ‘துணியைக் கிழித்துக் கட்டுவேன்’ என்று கூறினாலும், போர்வைகளை மறுபடியும் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, முதல் சொல்லிலிருந்து பதிவைத் தொடங்க வேண்டும்.